இருட்டறை விளக்கில் தெரிந்தது

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ அனுப்பிய ஸ்வெட்டர் வந்தது. அளவு சரி, நிறம்தான் உன் ரசனை. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

பழக்கிடங்கில் என்னையும் நம் வாயாடித் தங்கையையும் இருட்டறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே புற ஊதா விளக்கு மட்டும்தான். பெல்ட்டில் ஆரஞ்சு உருண்டு வரும். நல்ல பழம் இருட்டாகவே போகும். தோலில் அடிபட்டு அழுகத் தொடங்கியது மட்டும் மஞ்சள் பச்சையாக ஒளிரும். பகலில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒளிர்வதைப் பொறுக்கித் தொட்டியில் போடுவோம். தொட்டியில் சேர்வதை அள்ளிக் கொட்டுவது அவள் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளையின் வேலை. அந்தச் சாறு பட்டால் கையும் ஒளிரும். பேய்க் கூட்டம் என்று சூப்பர்வைசர் எங்களைக் கேலி செய்வார்.

வாயாடி இப்போது வாயே திறப்பதில்லை. எந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றி ஒரு துணி. கேட்டால் தொண்டை சரியில்லை என்கிறாள்.

நேற்று சாப்பாட்டு வேளையில் மாப்பிள்ளை அவளைத் தொட்டிகளுக்குப் பின்னால் கூப்பிட்டார். திரும்பி வந்தவள் விளக்கடியில் நின்று இருமிக்கொண்டே துணியைத் தளர்த்தினாள். அவள் கழுத்தில் ஒரு கை ஒளிர்ந்தது, அண்ணா. ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் மற்ற விரல்கள். என் கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். அது பெரிய கை. ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

மாப்பிள்ளைக்கு அந்த விரல் மெஷினில் போனபோது அவரைவிட நீதான் அதிகம் அழுதாய். உன் சிநேகிதன் என்றுதானே அவளைக் கொடுத்தோம்.

வெளியே கூட்டிவந்து பார்த்தேன். வெளிச்சத்தில் லேசான சிவப்பு மட்டும். வேர்க்குரு என்றால் யாரும் நம்புவார்கள். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணன்கிட்ட சொல்லிடாதக்கா. அவரு உடனே போன் போட்டு இவர்கிட்ட கேட்டுடுவாரு. அப்புறம் நான் இருக்கமாட்டேன்" என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் படித்ததும் மாப்பிள்ளைக்குப் போன் செய்யாதே. வழக்கமாகப் பேசும் நாளில் வழக்கம்போலச் சிரித்துப் பேசு. பிறகு யாரிடமும் சொல்லாமல் வா. திரும்பிப் போக உனக்கும் அவளுக்குமாக இரண்டு டிக்கெட் எடுத்து வா.

வேலை நேரத்தில் நான் அவள் எதிரிலேயே நிற்கிறேன். வேலை முடிந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. வாசலில் மாப்பிள்ளை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு காத்திருக்கிறார்.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் இருக்கும்போதே வந்து சேர வேண்டும்.

உன் தங்கைகளில் மூத்தவள்