மங்கம்மாவுக்கு ஒரு வகை

லிங்கி, மலேசியா, 12.3.1994

அன்புள்ள தைலம்மைக்கு,

நான் நலம். ஆத்தாவின் இருமல் தேவலையா?

ரப்பர் தோட்டத்து ஆட்களையும் வீடுகளையும் வகை பிரித்து, யாருக்கு எது சேரும் என்று கம்ப்யூட்டரில் இணைப்பதுதான் இங்கே என் வேலை. ஆட்களில் 'தொழிலாளி', 'தொழிலாளியின் குடும்பம்' என்று இரண்டே வகை வைத்திருந்தேன். வேலையை விட்டு நின்று, தனியாக வாழும் மங்கம்மா இரண்டிலும் சேரவில்லை. வீட்டைக் காலி செய்யும்படி அவருக்குக் கடிதம் போய்விட்டது.

"நாப்பது வருஷம் பால்மரம் வெட்டுனேன்லா. நான் யாருமே இல்லையா தம்பி?" என்று ஆபீசுக்கே வந்து கேட்டார்.

அன்றே 'ஓய்வுபெற்றவர்' என்று ஒரு வகை சேர்த்து, அவரை வீட்டோடு இணைத்தேன். கடிதத்தை மானேஜர் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் மற்ற தோட்டங்களுக்கும் இதைச் செய்து முடிக்கும்வரை என் பாஸ்போர்ட்டைத் தரமாட்டாராம். நான் ஊர் வர இரண்டு வருஷம் ஆகலாம். கவலைப்படாதே, சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

ஒரு கேசட்டில் பேசி அனுப்பு. பேச ஒன்றும் தோன்றாவிட்டால், அடுப்படியில் வைத்து அப்படியே ஓடவிடு. தபால்காரர் காத்திருக்கிறார்.

உன்,
சொக்கப்பன்