நேர்த்திக்கு ஒரு கடன்

மடு மாதா துணை

பள்ளிமுனை, மன்னார்.
08.06.2014

அன்புள்ள அத்தானுக்கு எடித் எழுதுவது.

பிள்ளைகளும் நானும் சுகம். போன வெள்ளிக்கிழமை போனில் உங்கள் குரல் அடைத்திருந்தது. மருந்து எடுத்தீர்களா, இல்லை வழக்கம்போலச் சுடுதண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தீர்களா? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இதைப் போனில் சொன்னால் நீங்கள் சத்தம் போடுவீர்கள், நான் அழுவேன், போன் காட்டில் காசு முடிந்துவிடும். பக்கத்து வீட்டுச் சிங்கராசா அண்ணன் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. செவ்வாய்க்கிழமை கடைசி அடகையும் மீட்டுவிட்டேன். நாலு வருடத்துக்குப் பிறகு தாலிக்கொடி கழுத்தில் கிடக்கிறது. இனி நாம் ஒருவருக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டியதில்லை. வங்கி வாசலில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். என்னோடு சேர்ந்து கருவாடு விற்கும் தாராபுரத்து உம்மு ஸல்மா கூட வந்திருந்தாள். அவள்தான் இழுத்துக்கொண்டு போய்ச் சர்பத் வாங்கித் தந்தாள்.

இப்போது வெள்ளிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். கடன் தீர்ந்தால் ஆவணித் திருநாளுக்கு பஸ் பிடித்து, நம் ஒழுங்கைச் சனம் முழுவதையும் மடுவுக்குக் கூட்டிப்போய், மூன்று நாள் சாப்பாடு போடுவதாக நீங்கள் போகும்போது நேர்ந்தீர்கள். அது எனக்குத் தெரியும். அதற்கான காசை உங்களோடு வேலை செய்யும் சீவரத்தினத்திடம் வாங்கப் போவதாகவும், அதைக் கொடுத்துத் தீர்க்க இந்த மாதக் கடைசியில் இன்னும் இரண்டு வருடத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கப் போவதாகவும் சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாம் கடன்பட்டது பசியால் இல்லை, அத்தான். வள்ளத்து இஞ்சினுக்கு வாங்கிய கடன் நியாயமானது. அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் அடுத்தவர் வாய்க்குப் பயந்து வாங்கியது. நம் பெட்டை றோஸ்மேரி கோயிலில் முதல்நன்மை எடுத்ததற்கு இருநூறு பேருக்குச் சாப்பாடு. அந்தக் கடனுக்கு முட்டுக்கொடுக்க இன்னொரு கடன். உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் போன முதல் வருடம் உங்களுக்குச் சொல்லாமல் தவணைக்கு பிரிட்ஜ் எடுத்தவள் நான். கடலுக்குப் பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு மீனைக் குளிர வைக்க ஒரு பெட்டி! ஒருநாள் அதன் மொத்த விலையை உங்கள் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தேன். அந்த வெயிலில் நீங்கள் நின்ற நாலு மாதம் என் குசினி மூலையில் நின்றுகொண்டிருந்தது. அடுத்த நாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கட்டிய காசு போனது போனதுதான். ஒழுங்கையில் நாலு பேர் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்றிலிருந்து கடைக் கொப்பியில் கடன் எழுதி வாங்குவதை விட்டேன். ஐந்நூறு ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் ஓர் இரவு கழியாமல் வாங்குவதில்லை. விடிந்து பார்த்தால் பாதிச் சாமான் தேவையில்லாமல் போய்விடுகிறது. றோஸ்மேரி பெரியபிள்ளையானபோதும் வீட்டோடு பால்சோறு வைத்து முடித்தேன். உங்கள் தங்கச்சி மதலேனா மச்சாள் வந்து, “அண்ணன் கத்தாரில, இஞ்ச மேளமும் இல்ல, வீடியோவும் இல்ல. ஊர் என்ன சொல்லும்?” என்று குதித்தா. “ஊர் வந்து வட்டி கட்டுமோ மச்சாள்?” என்று கேட்டேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறா. போன கிழமை, பெரியபிள்ளையான தன் பெட்டைக்குத் தண்ணி வார்க்கக் கடன் எடுக்கட்டோ, விடட்டோ என்று என்னிடமே யோசனை கேட்டா.

இந்த நேர்த்தியைப் பற்றிப் பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டேன். உங்களுக்குத் தெரியாமல் போனதற்கு மன்னியுங்கள். “கடன் தீர்ந்ததுக்கு நன்றி சொல்லக் கடன் வாங்கிறதோ, பிள்ளை?” என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, நேர்ந்தது நேர்ந்ததுதான், ஆனால் நேர்ந்தவர் கேட்டால் வேறொன்றாக மாற்றித் தரலாம் என்று சொன்னார். பஸ்ஸும் சாப்பாடும் வேண்டாம். திருநாளுக்கு நீங்கள் பள்ளிமுனையிலிருந்து மடு வரைக்கும் நடந்து வந்தால் போதுமாம்.

வேலையை விட்டு வந்து என்ன செய்வது என்ற பயம் உங்களுக்கு இருக்கும். எனக்கும் இருக்கிறது. கையில் மூன்று மாதச் சாப்பாட்டுக்குக் காசு வைத்திருக்கிறேன். கருவாட்டு வியாபாரம் ஓடுகிறது, புத்தளத்திலிருந்தும் கேட்கிறார்கள். சிங்கராசா அண்ணனின் தம்பியுடைய வள்ளத்தில் பங்குக்கு ஆள் தேவையாம். அந்தப் பழைய இஞ்சினும் இன்னும் சாகவில்லை. குறைவாகச் சாப்பிடுவோம், ஆனால் ஒரே சட்டியில் சாப்பிடுவோம்.

சுவாமியிடம் இன்னொன்றும் கேட்டேன். நீங்கள் தூரத்தில் இருப்பதால் உங்களுக்குப் பதிலாக நான் நடக்கலாமா என்று. ஏலாது, நேர்ந்தவர் காலால்தான் நடக்க வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோசத்தைச் சுவாமி கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கத்தாரிலிருந்து மடுவுக்கு நடக்கப் பாதை இல்லை, அத்தான். அந்த ஒப்பந்தக் கடதாசியில் உங்கள் பேனா படாமல் மாதா உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

உங்கள்
எடித்