கிணற்றில் போட்ட உப்பு

7-6-1971, திங்கள்

பிரசவ ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் என் கணுக்காலை அமுக்கினார். விழுந்த குழி எழும்ப நேரமாயிற்று. "உப்பைத் தொடாதே. தலைவலி, கண் மங்கல் என்றால் உடனே வந்துவிடு" என்றார். வெளியே காத்திருந்த என் வீட்டுக்காரர் லூயிஸிடம் பாதிதான் சொன்னேன். ரோசி அக்காவுக்கும் தலைப்பிரசவத்தில் கால்தான் முதலில் வீங்கியது. பிறகு வலிப்பு. பிறகு கல்லறை.

13-6-1971, ஞாயிறு

அந்தோணியார் திருநாள். அம்மா ராயபுரத்துக்கு வந்து என்னை மீஞ்சூருக்கு அழைத்து வந்துவிட்டாள். ரோசியை மாமியார் வீட்டில் விட்டதுதான் தப்பாம். இந்தப் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது அம்மா சிலுவையம்மாள் போட்ட சட்டம்.

இங்கே மழை பொய்த்துவிட்டது. கொசஸ்தலை ஆறு மணலாய்க் கிடக்கிறது. வருகிற கொஞ்சமும் பட்டணத்துக்காகப் பூண்டி ஏரியிலேயே நின்றுவிடுகிறது. கிணறு இறங்கிக்கொண்டே போனதால், கோயிலில் மந்திரித்த உப்பை அம்மா ஒரு கைப்பிடி உள்ளே போட்டாளாம். "அப்பால இறங்கவே இல்லடி. அந்தோணியார் உள்ளயே குந்திகினு கீறாரு." எத்தனை நாளைக்கப்புறமோ சிரித்தேன்.

20-6-1971

கஞ்சி உப்புக் கரிக்கிறது. மகளுக்கு வாய் ருசிக்காதே என்று அம்மா திருட்டுத்தனமாகப் போடுகிறாள். கேட்டால், "ஒரு கல்லு போட்டிருந்தா என் கை அழுவிப் போவட்டும்" என்கிறாள். நாளை என் கஞ்சியை நானே வைக்கப் போகிறேன்.

21-6-1971

நானே வைத்தேன். கரிக்கிறது.

24-6-1971, வியாழன்

சோப்பு நுரைக்கவில்லை. பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. வாளித் தண்ணீரை அப்படியே வாயில் ஊற்றிப் பார்த்தேன் — கடல்தான். அம்மாவுக்குத் தெரிந்தே இருக்கிறது. "அது மந்திரிச்ச உப்புடி. உடம்புக்கு ஒண்ணியும் பண்ணாது. குடி."

ஒரு கைப்பிடி உப்பு ஒரு கிணற்றையே கரிக்கச் செய்யுமா? அம்மா சொல்கிறபடியே இருந்துவிடக் கூடாதா? குடித்தேன். வேறு தண்ணீருக்கு எங்கே போவது? செருப்பு காலில் நுழையவில்லை.

26-6-1971, சனி

பக்கத்து நிலத்து எத்திராஜ் மாமாவின் நாற்று நுனி கருகிவிட்டது. அவர் கிணறும் கரிக்கிறதாம். அம்மா அவரிடமும் அந்தோணியாரைப் பற்றிச் சொன்னாள். "நான் இன்னா உப்பு போட்டேன் தங்கச்சி?" என்றார் அவர். "கம்பெனிங்களுக்கு ராவும் பகலும் போருல உறிஞ்சிகினு கீறானுங்க. அடியில கீற நல்ல தண்ணி போவப் போவ கடலு உள்ள வந்துகினு கீது."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தப் போர்க் குழாய்க் கிணறுகளில் ஒன்றில்தான் லூயிஸ் மோட்டார் பார்க்கிறார். தொட்டில் வாங்கியது அந்தச் சம்பளத்தில். தலை வலிக்கிறது. வெயிலாக இருக்கும். வெயில்தானே?

27-6-1971

எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது. மாதாவே, ரோசி மாதிரி ஆக்கிடாதே. புள்ளைய விட்டுடு. என்னையும் விட்டுடு —

30-6-1971, புதன்

ஆஸ்பத்திரிக் கட்டில். ஞாயிறு மாலை என்னைப் பார்க்க வந்த லூயிஸ், வீங்கிய முகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். சொம்புத் தண்ணீரை நீட்டினேன். ஒரு வாய் குடித்துத் துப்பினார். "மோட்டார நிறுத்திடுங்க" என்றேன். "நான் நிறுத்துனா இன்னொருத்தன் போட்டுடுவான், டோரதி." அவ்வளவுதான் பேச்சு. அடுத்த ரயிலில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அம்மா தடுக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

11-8-1971

பெண். குறைமாசம். அழுதாள். இரண்டு பேரும் இருக்கிறோம்.

12-9-1971, ஞாயிறு

குழந்தைக்கு ஞானஸ்நானம். ரோசி என்று பெயர். அம்மா மீஞ்சூரிலிருந்து வந்திருந்தாள். இப்போது ஸ்டேஷன் குழாயில்தான் குடிநீர் பிடிக்கிறாளாம். எத்திராஜ் மாமா நாற்றே விடவில்லையாம். போர்களில் இன்னும் ஆழத்துக்குக் குழாய் இறக்குகிறார்கள். லூயிஸ் தினமும் வேலைக்குப் போகிறார்.

முன்பெல்லாம் ஞானஸ்நானத்தின்போது கோயில் சாமியார் குழந்தையின் நாக்கில் உப்பு வைப்பார். இப்போது புது முறையில் அது கிடையாது. அம்மாவுக்கு அது தெரியாது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "உப்பு வெப்பாரா?" என்று என் காதில் கேட்டாள்.

"இல்லம்மா."

நம்பவில்லை. சாமியார் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் ஞானஸ்நானத் தொட்டியில் விரலை விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள். லூயிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சப்புனு கீது" என்றாள். அப்புறம்தான் குழந்தையை என்னிடம் கொடுத்தாள்.