ஐந்துக்கு ஒன்று ஏமாற்றும் துவக்கு

18 சனவரி 1965, திங்கள்

பனி. தொண்டை கட்டு. மல்லித் தண்ணீர் இரண்டு முறை.

பிரின்சிப்பல் அம்மா கடைசியில் ஓம் சொன்னா. பெப்ரவரி 27 விளையாட்டுப் போட்டிக்கு, ஓட்டம் தொடக்கிவைக்க ஒரு கைத்துவக்கு வாங்கலாம். ஆறு வருடமாய்க் கேட்கிறேன். இதுவரை இரண்டு பலகையைப் பிணைச்சலில் பூட்டி 'டப்' என்று அடித்துத்தான் தொடக்கம். நூறு யார் தூரத்துக்கு அப்பால் நிற்கிற நேரக்காரருக்குச் சத்தம் பிந்தித்தான் போகும். துவக்கென்றால் புகை தெரியும். புகையைக் கண்டவுடன் கடிகாரத்தை அமத்தவேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி என் நாக்குத் தேய்ந்தது.

குண்டு போகாத துவக்குத்தான், குழாய் வாய் அடைத்தது, வெடியும் புகையும் மட்டும். இதையும் மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது.

அம்மாவின் நிபந்தனை: "நல்லதாய் இருக்கவேணும், மலிவாய் இருக்கவேணும், பழுதானால் வந்து பாக்க ஆளும் இருக்கவேணும்."

இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்திருந்தால் நான் ஏன் முப்பத்தேழு வயதில் விசிலோடு திரிகிறேன். (அவவுக்குச் சொல்லவில்லை. இங்கே மட்டும்.)

23 சனவரி, சனி

காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம். அண்ணையின் பெண்சாதி மச்சாள் தந்த பட்டியல்: நீலம், ஊசி, அண்ணைக்குக் கொழும்புக்கு அனுப்பப் பனங்கட்டி, நல்ல மிளகு. என் பட்டியல்: துவக்கு.

பெரிய கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஜெர்மன் சாமான். கறுப்பு, கையில் கனமாய் நின்றது. விசை தேன் போல. முதலாளி கதிரையை விட்டு எழும்பவில்லை.

"பழுதானால்?"

"பழுதாகாது."

"ஒருவேளை ஆனால்?"

"ஆகாது எண்டுறன். வித்தால் வித்ததுதான். பிறகு இஞ்சை கொண்டு வரக்கூடாது."

வெற்றுத் தோட்டா கிடைக்குமா என்றேன். "கப்பல் வந்தால் வரும்." பிறகு பேப்பரைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். விலையும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எட்டாத உயரம்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒருவர், கோப்பாயில் தையல் மெஷின், மண்ணெண்ணெய் ஸ்ரவ், வேட்டைத் துவக்கு எல்லாம் திருத்துகிற சிவகுரு என்று ஓர் ஆள் இருக்கிறார், அவரிடம் கேளுங்கோ என்றார். இறங்கினேன். புகையிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில்.

இருந்தது. பழைய இங்கிலிஷ் துவக்கு. மயிலிட்டியில் கப்பலுக்குப் போன ஒருவர் கொண்டுவந்ததாம். வாங்குப் பலகையில் கிடந்த தூசியைத் தன் தோள் துண்டால் தட்டிவிட்டு என்னை இருக்கச் சொன்னார். பிறகு தானே தன் சாமானில் குற்றம் சொல்லத் தொடங்கினார்.

"ரீச்சர், முதல்லையே சொல்லிப்போடுறன். ஐஞ்சுக்கு ஒண்டு ஏமாத்தும். பின்னாலை தட்டிற இந்தக் குதிரையின்ரை வில்லு களைச்சுப் போச்சு. விலை அதுக்கேத்த மாதிரித்தான்."

"ஏமாத்தினால் நான் என்ன செய்யிறது?"

"ஒரு போஸ்ட்காட் போடுங்கோ. நான் வாறன்."

"உடுப்பிட்டிக்கோ? வல்லை வெளியாலை சைக்கிளிலையோ?"

"எங்கை எண்டாலும் வாறன்."

நாற்பதுக்கு மேல். நெற்றியில் திருநீறு, பாதி வியர்வையில் போய்விட்டது. நகத்துக்குள் எண்ணெய். துவக்கை என்னிடம் நீட்டும்போது பிடிப் பக்கத்தை எனக்குத் திருப்பி நீட்டினார்.

24 சனவரி, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நீளம். பாட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலால்:

ஜெர்மன் – தரம் முதல். பழுதாகாது. ஒருவரும் வரமாட்டார்.
கோப்பாய் – தரம் குறைவு. பழுதாகும். அவர் வருவார்.

கர்த்தரே, இது துவக்கு வாங்குகிற ஆளின் பட்டியலா?

25 சனவரி, திங்கள்

அம்மாவிடம் கோப்பாய்த் துவக்கே நல்லதென்று அறிக்கை. ஏன் என்று கேட்டா. "சேர்விஸ் நல்லது" என்றேன். முகம் சுட்டது. அம்மா விலையைப் பார்த்தா, சந்தோசமாய்க் கையெழுத்து வைத்தா. நான் பொய் சொல்லவில்லை. முழுதாகவும் சொல்லவில்லை.

3 பெப்ரவரி, புதன்

துவக்கு வந்து ஒரு கிழமை. இன்று ஏமாற்றியது. பிள்ளைகள் குனிந்து நிற்க, வெறும் 'டிக்'. சிரிப்பு. நானும் சிரித்தேன், அவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாய்.

போஸ்ட்காட் உடனே.

6 பெப்ரவரி, சனி

வந்தார். காலை ஒன்பதுக்கே. வல்லை வெளியில் எதிர்க்காற்று, பாதித் தூரம் சைக்கிளை உருட்டி வந்தாராம். கிணற்றடியில் முகம் கழுவினார். தேத்தண்ணி கொடுத்தேன். மச்சாளும் யன்னலுக்குள்ளால் ஒரு கண் கொடுத்தா.

மாமரத்துக்குக் கீழே துவக்கைக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் ஒரு துணியில் வரிசையாய் வைத்தார். நான் எதிர்க் கதிரையில். கொப்பி திருத்துகிற பாவனை. ஒரு கொப்பியும் திருத்தவில்லை.

"இவ்வளவு தூரம் இந்தச் சின்ன வேலைக்கு வாறியள்" என்றேன்.

விசைக்கு எண்ணெய் விட்டார். பிறகு சொன்னார்: "நான் கப்பலிலை எஞ்சின் பாத்தனான் ரீச்சர். மனுசிக்கு வருத்தம் கடுமை எண்டு தந்தி வந்தது. நான் வந்து சேர எட்டு நாள் பிந்திப்போச்சு. அதுக்குப் பிறகு ஆர் கூப்பிட்டாலும் போயிடுவன். ஸ்ரவ் எண்டாலும் சரி."

இன்னொரு தேத்தண்ணி போடுகிறேன் என்றேன்.

போகும்போது கேட்டார்: "ரீச்சர் ஓடினனீங்களோ?"

"ஓடினனான். நூறு யார். இந்தப் பள்ளிக்கூடத்திலை இண்டைக்கும் அந்த ரெக்கோட் என்ரைதான்."

"பாக்கக் குடுத்து வைக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். சைக்கிள் மணி ஒழுங்கை முடக்கு வரை கேட்டது. பத்தொன்பது வருடத்தில் அந்த ஓட்டத்தைப் பார்க்கவில்லையே என்று கவலைப்பட்ட முதல் ஆள்.

10 பெப்ரவரி, புதன்

துவக்கு ஏமாற்றியது. இரண்டாம் தரம் அடித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. போஸ்ட்காட்.

13 பெப்ரவரி, சனி

சி. வந்தார். (பெயரை முழுதாய் எழுதக் கூச்சம். இந்தக் கொப்பியை நான் மட்டும்தான் பார்க்கிறேன், ஆனாலும்.) கறுத்தக்கொழும்பான் மாங்கன்று ஒன்று சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்துக்காம். பள்ளிக்கூடக் கிணற்றடியில் நானே நட்டேன்.

அவர் போனபின் மச்சாள்: "உங்கடை துவக்குக்காரர் வாற கிழமையும் வாறாரோ?"

"பழுதானால் வருவார்."

"அவை சைவம், நாங்கள் வேதக்காரர். துவக்குத் திருத்திறதோடை நிக்கட்டும் மச்சாள்." வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னா. கோபமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இரவுச் செபத்தில் எல்லாருக்கும் வேண்டினேன், ஒருவரை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு எழும்பி அவருக்கும்.

18 பெப்ரவரி, வியாழன்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. தோட்டா ஒரு பெட்டிதான் மிச்சம். யாழ்ப்பாணத்தில் எங்கும் இல்லை. போட்டிக்கு வைக்கவேண்டும். ஆகவே பயிற்சி முழுவதும் வெறும் துவக்கால். விசையை இழுக்க 'டிக்' என்று ஒரு சத்தம், பிள்ளைகள் பறக்கிறார்கள். பூமணிக்குக் காது நாய்க்காது. ஒன்பதாம் வகுப்பு, மெலிந்த பிள்ளை, சப்பாத்து இல்லை. இந்த வருடம் என் ரெக்கோட்டை உடைப்பேன் என்று என்னிடமே சொல்லுகிறாள். உடைக்கட்டும். பத்தொன்பது வருடம் காவல் காத்தது போதும்.

26 பெப்ரவரி, வெள்ளி

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு. கொடிகள். அம்மாவுக்குத் தலையிடி.

சி.யிடமிருந்து போஸ்ட்காட். முதல் தரம் அவர் எனக்கு. "நாளை துவக்கு ஏமாற்றாமல் இருக்க, குதிரையைப் பெருவிரலால் முழுதாய்ப் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டுப் பிறகு விசையைத் தட்டவும். நானும் வருகிறேன்." எழுத்து ஒவ்வொன்றும் ஆணி அடித்தமாதிரி. வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன்.

27 பெப்ரவரி, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

நூறு யார் இறுதி. ஆறு பிள்ளைகள். "ஆயத்தம்" என்றேன். அவர் எழுதியபடி பெருவிரலால் குதிரையை இழுத்தேன். இழுக்கும்போது 'டிக்' என்றது. ஆறு பேரும் ஓடிவிட்டார்கள். ஒரு கிழமைக்கு மேல் நானே பழக்கிய டிக்.

திருப்பிக் கூப்பிட்டேன். இந்தமுறை பெருவிரல் வேண்டாம் என்று மூளை சொன்னது, கை கேட்கவில்லை. மறுபடியும் டிக். மற்ற ஐந்து பேரும் பயந்து நின்றுகொண்டார்கள், பூமணி மட்டும் பறந்தாள். இரண்டு தரம் பிழை. சட்டப்படி வெளியே. பெரியவர்கள் மேடையிலிருந்து அதைத்தான் சொன்னார்கள், நானும் அதைத்தான் செய்தேன்.

மூன்றாம் தரம் துவக்கு அழகாய் வெடித்தது. ஐந்து பேர் ஓடினார்கள்.

பூமணி வேலியோரம் குந்தி இருந்தாள். "நான் சத்தம் கேட்டுத்தானே ரீச்சர் ஓடினனான்" என்றாள். அவ்வளவுதான்.

சிவகுரு கூட்டத்துக்குள்ளிருந்து வந்தார். "பிழை என்ரை. நான் எழுதியிருக்கக்கூடாது. துவக்கைத் தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு போனார்.

பிழை அவருடையதில்லை. நல்ல துவக்கென்றால் பெருவிரலும் தேவையில்லை, போஸ்ட்காட்டும் தேவையில்லை. நான் துவக்கு வாங்கவில்லை, ஒரு ஆள் வருவதற்குக் காரணம் வாங்கினேன். விலையைப் பூமணி கொடுத்தாள்.

3 மார்ச், புதன்

லெந்து நோன்பு தொடக்கம். மீன் விட்டாயிற்று. வேறு எதையாவது விடவேண்டும். முடியுமோ தெரியவில்லை. மாங்கன்றுக்குத் தண்ணீர்.

6 மார்ச், சனி

வந்தார். துவக்குக்குப் புது வில்லு. ஒரு தையல் மெஷினின் எஃகிலிருந்து தானே சுருட்டி, சூடாக்கி, நாலு தரம் பிழையாகி ஐந்தாம் தரம் சரிவந்ததாம். தோட்டாவும் இரண்டு பெட்டி, மயிலிட்டியில் கப்பல்காரரிடம் தேடி எடுத்தது. பத்துத் தரம் அடித்துக் காட்டினார். பத்தும் வெடித்தது.

பூமணியைக் கூப்பிட்டனுப்பியிருந்தேன். போட்டி முடிந்துபோனது, பரிசு கிடையாது, ஆனாலும் அவளுக்கு ஒரு ஒழுங்கான ஓட்டம் என் கடன். சிவகுரு நூறு யாருக்கு அப்பால், கையில் கடிகாரம். "புகையைப் பாருங்கோ. சத்தத்தைக் கேக்காதேங்கோ. கண் வெட்டக்கூடாது" என்று சொல்லிக்கொடுத்தேன்.

கையை உயர்த்தினேன். வெறும் மைதானம். அந்த முனையில் அவர், கண் வெட்டாமல் என்னையே பார்த்தபடி. அப்படி ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. வேலையாகத்தான் பார்க்கிறார் என்று தெரியும். தெரிந்தும் விசையைத் தட்டக் கொஞ்சம் பிந்தினேன்.

வெடித்தது. பூமணி பறந்தாள். ஓடிப்போய் "எவ்வளவு?" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முள் அசையவில்லை. "பாத்துக்கொண்டுதான் நிண்டனான் ரீச்சர். அமத்த மறந்துபோனன்."

பூமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் திரும்பவும் ஓடுறன், இந்தமுறை ரீச்சர் கடிகாரத்தைப் பிடியுங்கோ, அவர் வெடிக்கட்டும்" என்றாள். ஓடினாள். என் ரெக்கோட் உடைந்தது. மூன்று பேருக்குத்தான் தெரியும். அவள் என் கையைப் பிடித்துத் துள்ளினாள்.

போகும்போது சைக்கிளைத் திருப்பிவைத்துக்கொண்டு நின்றார். "இனி ஒரு பழுதும் வராது. எனக்கு இனி இஞ்சை வேலை இல்லை."

"மெத்தப் பெரிய உபகாரம்" என்றேன். எத்தனையோ சொல் இருக்க அதுதான் வந்தது.

"அப்ப போயிட்டு வாறன்."

9 மார்ச், செவ்வாய்

துவக்கை அடித்துப் பார்த்தேன். வெடித்தது.

11 மார்ச், வியாழன்

வெடித்தது. பாழாய்ப்போன துவக்கு.

பின்னேரம் எல்லாரும் போனபின் மேசை லாச்சியிலிருந்து எடுத்து, கொண்டை ஊசியை ஸ்குருவில் வைத்தேன். ஒரு திருப்புத்தான், மறுபடி ஏமாற்றும். பூமணி வேலியோரம் இருந்தது ஞாபகம் வந்தது. வைத்துப் பூட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் அழுதேன். காரணத்தோடுதான். அந்த ஆள் வரவேண்டும் என்று எனக்கு ஆசையாயிருக்கிறது. எழுதிவிட்டேன்.

12 மார்ச், வெள்ளி

சோளகக் காற்று இன்னும் இல்லை, புழுக்கம்.

தபாற்கந்தோரில் போஸ்ட்காட் ஒன்று. கடிதம் என்றால் ஒட்டலாம். போஸ்ட்காட்டைத் தபால்காரர் வாசிப்பார், கோப்பாய் வாசிக்கும், மச்சாளுக்கு நாளைக்கே வந்து சேரும். தெரிந்துதான் வாங்கினேன். நின்றபடியே எழுதினேன்:

"துவக்கு நன்றாக வேலை செய்கிறது. ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் வரவும்."

பெட்டிக்குள் போட்டேன். பிறகு கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.