மத்தியகாலத்தில் மிளகாய்

வியாழன், 8 பெப்ரவரி 2007
குளிர் -11. வானம் தெளிவு. இன்று வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்று எடுக்கப்பட்டது: புள்ளிகளைப் பென்சிலால் எழுதுவது. பேனா வேண்டாம். மனைவிக்கு அறிவித்தேன். "சரி, அந்தக் குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டிட்டு வாங்கோ" என்றாள்.

விஷயம்: நூலகத்தில் மத்தியகால வாரம். நாளை மாலை தமிழருக்குக் கதைப்போட்டி. பழங்காலச் சத்திரத்தில் தங்கிய வழிப்போக்கராக வேடம் போட்டு ஒரு கதை சொல்ல வேண்டும். வென்றவருக்குத் தோற்றவர்கள் விருந்து வைக்க வேண்டும். நடுவர் இருவர்: நான், சென்னையிலிருந்து வந்த கணினிப் பொறியாளர் வித்யா. என் தகுதி, வீட்டில் புத்தகம் அதிகம். வித்யாவின் தகுதி, இங்கே யாருக்கும் சொந்தமில்லை.

போட்டியில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் குலம் அண்ணையும். ஆறு வருடமாக என்னைப் பாண் சுடும் தொழிற்சாலைக்குத் தன் காரில் ஏற்றிப் போகிறவர். இந்த நாட்டில் எனக்கு நண்பர் என்று சொல்ல அவர்தான். இன்று காரில்:

"தம்பி, நான் ஒண்டும் கேக்கமாட்டன். உன்ரை மனச்சாட்சிப்படி செய்."

"ஓம் அண்ணை."

"சீற் சூடு காணுமோ? இன்னும் கூட்டிவிடட்டோ?"

வெள்ளி, 9
பனி. இருந்தும் நல்ல கூட்டம். வடை காரணம்.

ஹவுகெட்டோப் பக்கம் இருக்கும் ராணி அக்கா கன்னியாஸ்திரி வேடம். தலையில் யன்னல் சீலை. கதை: ஓர் அரசன், மூன்று புதல்வர், ஒழுக்கம். பாதியில் மூன்றாமவனை மறந்துவிட்டார். யாரும் தேடவில்லை.

குலம் அண்ணை சமையல்காரன். கொள்ளைநோய் புகுந்த ஊர். கதவு திறக்க எல்லோருக்கும் பயம். அவன் மட்டும் வாசல் வாசலாக ரசம் வைத்து, தட்டிவிட்டு ஓடுகிறான். நாளுக்கு நாள் காலிக் கிண்ணங்கள் குறைகின்றன. கடைசியில் ஒன்றே ஒன்று. யார் குடிக்கிறார் என்று தெரியாது. அந்த ஒருவருக்காக ஊரை விட்டுப் போகாமல் சமைக்கிறான்.

மண்டபம் முழுக்க மூக்குச் சிந்தும் சத்தம். எனக்குத் தடிமன் என்று பக்கத்தில் சொல்லிவைத்தேன்.

ஆனால் ரசத்தில் செத்தல் மிளகாய் கிள்ளிப் போட்டார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் மிளகாய் இல்லை. யாழ்ப்பாணத்திலும் இல்லை. பென்சிலின் அவசியம் இங்கேதான்.

தேநீர் இடைவேளையில் ராணி அக்கா பக்கத்தில் வந்திருந்து என் புத்தகங்களைப் பற்றி விசாரித்தார். நல்ல மனுஷி.

சனி, 10
-14. நித்திரை இல்லை. குலம் அண்ணையின் கதைதான் சிறந்தது. சந்தேகமில்லை. ஆனால் கார். பரிசு கொடுத்தால், காருக்காகக் கொடுத்தான் என்பார்கள். கொடுக்காவிட்டால் கார் இல்லை. மிளகாய்க்குப் புள்ளி குறைத்தேன். அது மிளகாய்க்கா, என் பயத்துக்கா? அழித்தேன். திரும்பக் குறைத்தேன். தாளில் ஓட்டை.

மனைவியோடு குறொன்லாண்ட் தமிழ்க்கடையில் மரக்கறி வாங்கல். கடைக்காரர், பச்சை மிளகாயை நிறுத்தபடி: "என்ன நடுவர், குலத்தாருக்குத்தானே? கார் வச்சிருக்கிற மனுசன்."

வெளியே வந்ததும் மனைவி: "இஞ்சாருங்கோ, ஒரு மிளகாய்க்காக அந்த மனுசனைப் பகைக்கப்போறியளோ?"

பின்னேரம் தீர்மானம்: குலம் அண்ணை முதல். மிளகாய் மன்னிக்கப்பட்டது.

வித்யா தொலைபேசியில். பின்னால் குழந்தை அழுகை. "பாதிப் பேச்சு எனக்குப் புரியல சார். நீங்க சொல்றதுக்கே விட்டுடறேன். குலம் சார் எப்படி?"

"நல்ல கதை. மிளகாய் மட்டும்..." மிளகாயின் வரலாற்றை விளக்கினேன். சற்று நீண்டுவிட்டது.

"ராணி மேடம்?"

கதையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தேநீர் நேரப் பேச்சை நினைத்து மரியாதைக்கு ஒரு வார்த்தை: "அவ நல்லாக் கதைச்சவ."

"ஓ! அப்போ சரி சார். நானே லைப்ரரிக்கு ரிசல்ட் மெயில் போட்டுடறேன்."

வைத்த பிறகுதான் நினைவு: 'குலம் அண்ணை முதல்' என்று நான் வாயால் சொல்லவில்லை. 'நல்ல கதை' என்றேனே. போதும். போதும்தானே?

ஞாயிறு, 11
நூலகத்தில் முடிவு வாசித்தார்கள். முதல் பரிசு ராணி அக்கா.

வித்யாவை மூலைக்குக் கூட்டிப்போனேன்.

"நீங்கதானே சார் அவங்க நல்லா கதைச்சாங்கன்னு சொன்னீங்க?"

"கதைக்கிறது எண்டால் எங்களுக்குப் பேசுறது."

"அப்போ கதை சொல்றதுக்கு?"

"கதை சொல்றது."

வாயைப் பொத்திக்கொண்டார். "இப்போ மாத்த முடியாதா சார்?"

திரும்பிப் பார்த்தோம். ராணி அக்கா அழுதபடி கனடாவுக்குத் தொலைபேசியில்: "மூண்டாவது பெடியனை விட்டிட்டன் எண்டு பயந்துகொண்டு இருந்தனான், தங்கச்சி. ஒருத்தரும் கவனிக்கேல்லை!"

மாற்றவில்லை.

குலம் அண்ணை வந்து கை கொடுத்தார். "அண்ணை, ஒரு சொல்லாலை வந்த பிழை..." என்று தொடங்கினேன்.

"மிளகாய் விஷயம் வித்யாப் பிள்ளை சொன்னவ. நல்ல தீர்ப்பு, ஐயா."

ஆறு வருடமாகத் தம்பி.

திங்கள், 12
-9. ஸ்டோவ்னர் ரயில் நிலையத்தில் மாதப் பயணச்சீட்டு வாங்கினேன்.