நேத்ரகோனாவில் உன் படம்

டாக்கா,
ஜனவரி 1993

அன்புள்ள யார்மிலாவுக்கு,

ரௌஷன் ஆராவின் அன்பும் முத்தங்களும். நீ பிராகிலிருந்து அனுப்பிய படப்பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. விமான நிலையத்தில் அதைத் திறந்து பார்த்த அதிகாரி, படத்தில் ஆபாசம் ஏதும் உண்டா என்று கேட்டார். ஒரு கிழவர் உருளைக்கிழங்கு உரிப்பார், அவ்வளவுதான் என்றேன். பாவம், முகம் வாடிவிட்டது.

இங்கேயும் குளிர்காலம்தான். ஆனால் ஒரு சால்வைக்கு அடங்குகிற குளிர். காலையில் பக்கத்து வீட்டில் பருப்பு தாளிக்கிற வாசனை வந்தால் பிராகில் நாம் சினிமா படித்தபோது இருந்த மாணவர் விடுதியின் சமையலறை எனக்கு நினைவு வந்துவிடுகிறது. நான் தாளிப்பேன், நீ இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிட்டு எங்கள் சினிமாவைத் திட்டுவாய். “குண்டு பட்டவன்கூடப் பாட்டப் பாடி முடிச்சிட்டுத்தான் சாவானா உங்க ஊர்ல?” என்பாய். “உங்க படத்துல எவனாவது வயிறாரச் சாப்பிட்டுப் பாத்திருக்கியா? சிகரெட்டும் ஜன்னலும்தானே உங்க கதை?” என்று நான் திருப்பிக் கொடுப்பேன். பருப்பு தீய்ந்துபோகும். தீய்ந்ததையே இருவரும் வழித்துத் தின்போம்.

ஆனாலும் நீதான் ஜெயித்தாய். பாட்டு, அழுகை, கடைசி நிமிடத்தில் ஓடிவந்து காப்பாற்றும் ஆள், இந்த மூன்றும் என் படத்தில் இருக்காது என்று உன்னிடம் சொல்லிவிட்டு ஊர் திரும்பினேன். அப்படியே எடுத்தேன். உங்கள் ஐரோப்பாவின் நகரங்களில் எழுந்து நின்று கைதட்டினார்கள். இங்கே என் அக்கா முழுப் படத்தையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, எப்ப ஆரம்பிக்கும்?” என்று கேட்டாள்.

இப்போது என் எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கிறது. எங்கள் வீடுகளில் யாருக்கும் தனி அறை கிடையாது. மாமியாரும் கொழுந்தனும் குழந்தைகளும் சூழ்ந்திருக்கும்போது ஒரு பெண் தன் மனதில் இருப்பதை எங்கே போய்ச் சொல்வாள்? பாட்டுக்குள் போய்த்தான் சொல்வாள். எங்கள் சினிமாவில் பாட்டு என்பது அவளுக்குக் கட்டிக்கொடுத்த அறை. உங்கள் ஆட்களுக்கு ஆளுக்கொரு அறை இருக்கிறது, கதவு இருக்கிறது. அதனால்தான் உங்கள் படங்களில் அத்தனை அமைதி. ஜப்பான்காரர்களுக்குக் காகிதக் கதவு. அவர்கள் படத்தில் மௌனமும் பக்கத்து அறைக்குக் கேட்கிறது. சிரிக்காதே, இதைக் கட்டுரையாகவே எழுதப்போகிறேன்.

சரி, உன் படத்துக்கு வருகிறேன். அதை டாக்காவில் எங்கள் திரைப்படக் கழகத்துக்குப் போட்டுக் காட்டினால் தாடியைத் தடவிக்கொண்டு “ஆகா” என்பார்கள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. வடக்கே நேத்ரகோனா என்கிற சிற்றூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே தியேட்டர் வைத்திருக்கும் மொதாலிப் எனக்குப் பழக்கம். “ரௌஷன் ஆபா, சண்டை இல்ல, பாட்டு இல்ல, பேச்சும் இல்லங்கறீங்க. சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருவாங்க” என்று புலம்பினார். வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தை எப்படியோ வாங்கிவிட்டேன். பெண்கள் பகுதி நிறைந்துவிட்டது. நான் திரைக்குப் பக்கத்தில் மைக் பிடித்துக்கொண்டு, உன் கிழவர் பேசுகிற ஓரிரு வார்த்தைகளை வங்காளத்தில் சொன்னேன்.

முதலில் ஒரே சிரிப்பு. அவர் உருளைக்கிழங்கு உரித்தபோது, “சாச்சா, தோலோட பாதிக் கிழங்கு போகுது!” என்று ஒருத்தி கத்தினாள். பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பு அடங்கியது. அவர் நாயைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் விட்டார். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார். சட்டையை மடித்து நாற்காலியில் வைத்தார். பெண்களுக்குப் புரிந்துவிட்டது, யார்மிலா. நம் விமர்சகர்களுக்குப் புரிவதற்கு முன்பே புரிந்துவிட்டது. “அடியே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரி என்ன பண்றா? நாய வாங்கி வச்சிக்கிட்டா போதுமா? போய்ப் பாருடி!” என்று திரையைப் பார்த்து ஏசினார்கள். வெளியே பனி பெய்வதைக் காட்டி உன் படம் முடிந்தது. விளக்குப் போட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. “அப்புறம்?” என்றார்கள்.

நான் செய்ததைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். மைக்கில் சொன்னேன்: நாய் குரைத்துக்கொண்டே இருந்ததாம், பக்கத்து வீட்டுக்காரிக்குச் சந்தேகம் வந்ததாம், ஒரு கிண்ணம் சூப் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினாளாம். “சாப்பிட்டாரா?” என்று ஒரு குரல். சாப்பிட்டார் என்றேன். அதன் பிறகுதான் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

வெளியே வந்து ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்தேன். உன் கடைசிக் கடிதம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸ்டுடியோவை விற்றுவிட்டார்கள், இனி நம் மாதிரி படங்கள் யாருக்கும் தேவையில்லை என்று எழுதியிருந்தாய். பூனையைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாக, புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டதாக, இப்போது நன்றாகத் தூங்குவதாக எழுதியிருந்தாய். உன் படத்துக்கு இருக்கிற ஒரே பிரதியை எனக்கு அனுப்பிவிட்டாய். நான் அதைப் பரிசு என்று நினைத்துக் கொண்டாடினேன்.

டாக்கா வந்ததும் உனக்கு ட்ரங்க் கால் போட்டேன். உன் இணைப்பைத் துண்டித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதனால்தான் உன் ஒளிப்பதிவாளர் ஸ்டெனேக்கைப் பிடித்து உன் வீட்டுக்கு ஓட வைத்தேன். தற்செயலாக வந்ததாக உன்னிடம் சொல்லியிருப்பான், நம்பாதே. திரும்பப் போய் எனக்குப் போன் செய்தான். நீ மெலிந்து கிடப்பதாகவும், அவனை வாசலிலேயே திட்டியதாகவும், பிறகு உட்கார்ந்து வெகுநேரம் அழுததாகவும் சொன்னான். வாரம் இரண்டு முறை வருவான். அவனை விரட்டாதே. மருத்துவரிடம் அழைத்துப்போவதாகச் சொன்னான், அதற்கும் போ.

மலிவான சினிமாத்தனம் என்று சொல்வாய். ஆமாம். அமைதியாக எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டுப் போகிற முடிவு திரையில் எவ்வளவு அழகாக இருந்தாலும், எனக்கு அது பிடிக்கவில்லை. யாராவது ஓடிவருகிற முடிவுதான் பிடித்திருக்கிறது. இத்தனை வயதுக்குப் பிறகு வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மார்ச்சில் என் புதுப்படத்தின் தொகுப்பு தொடங்குகிறது. அதில் ஒரு பாட்டு இருக்கிறது, நீளமான பாட்டு. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அதை வெட்டு என்று என்னோடு சண்டை போட எனக்கு ஆள் இல்லை. வந்து சண்டை போடு. விசா வேலைகளை நான் தொடங்கிவிட்டேன்.

அதுவரை எழுது. உன் படத்தைக் கெடுத்ததற்காக என்னைத் திட்டி எழுது. ஒரே மூச்சில் திட்டி முடித்துவிடாதே. இந்த வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம் என்று நெடுநாளைக்குத் திட்டு. தபால்காரர் வருகிற நேரத்தில் நான் வாசலில் நிற்பேன்.

ஆண்டவன் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன்,
ரௌஷன்