ஏழாவது நெடுவரிசை

2007 ஜூன் 11, திங்கள்

காலையிலிருந்தே எரிச்சல். 1999-இல் தொடங்கி வருடாவருடம் சேர்த்த பிறந்த குழந்தைகளின் கணக்கைக் கம்ப்யூட்டரில் திரும்ப ஓட்டிக் காட்ட வேண்டுமாம். சரியாக வந்தால்தான் ஆய்வைத் தொடர விடுவார்கள். இல்லையென்றால் என் இத்தனை வருட உழைப்பும் அலமாரிக்குப் போகும்.

என் பழைய புரோகிராமை ஓட்டினேன். குழந்தைகளின் சராசரி எடை இருபத்தாறு கிலோ.

"மேடம், இது ஆனக்குட்டியா?" என்றார் புதிதாக வந்திருக்கும் யூனிட் தலைவர் ஸ்ரீஜித். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

ஜூன் 12

பிடிபட்டது. என் புரோகிராமில் நான் எப்போதும் நெடுவரிசையை எண் சொல்லித்தான் எடுப்பேன். ஏழாவது என்றால் எடை. புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது யாரோ நடுவில் 'வீட்டு எண்' என்று ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போய், ஏழில் தாயின் வயது உட்கார்ந்திருக்கிறது. மற்ற வருடக் கோப்புகளில் வேறு வேறு குளறுபடி. எதைத்தான் நம்புவது?

முன்பு இங்கே என்னோடு வேலை பார்த்த ஓமனா ஞாபகமாகவே இருக்கிறது. ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னால் எங்கள் இரண்டு ஸ்டூல். மரவள்ளிக்கிழங்கை அவித்து அவள் கொண்டுவரும் மரச்சீனிப் புழுக்கு, என் மீன்குழம்பு. என் எண்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"எலிசாளே, நம்பர் சொல்லி விளிச்சா ஆரு திரும்பி நோக்கும்? பேரு சொல்லி விளிக்கணும், கேட்டோ."

"எனக்கு மனப்பாடம்டீ. உன் வேலையைப் பாரு."

மஸ்கட் போனாள், அங்கே வீடு மாறினாள், போன் நம்பரும் போயிற்று. இப்போது இந்த ஆபீசில் எல்லாருக்கும் நான் மேடம்.

ஜூன் 14

மழை. பழைய சி.டி. ஒன்றில் ஓமனா எழுதிய புரோகிராம் கிடைத்தது. பயந்துகொண்டே ஓட்டினேன். எடை எங்கே நகர்ந்திருந்தாலும் தலைப்புப் பேரை வைத்துத் தேடி எடுத்துவிட்டது. 2.8 கிலோ. எல்லா வருடமும் சரி.

அழுதுவிட்டேன். ஸ்ரீஜித் பார்க்கவில்லை — பார்த்தாரோ?

ஜூன் 16

கிழக்கேகோட்டையில் ஓமனாவின் அண்ணன் வேலாயுதனின் குடைக்கடை. நடந்ததை அவளிடம் சொல்லச் சொன்னேன். "பறயாம்" என்றார். கடையில் ஒரே கூட்டம், அவள் நம்பரைக் கேட்கக்கூட முடியவில்லை. சொல்வாரா?

ஜூலை 5

ஆய்வு தொடரும். அறிக்கையின் முதல் பக்கத்தில் ஓமனா பேரும் வரும். அவளிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜூலை 23, திங்கள்

மத்தியானம் புதுக் கோப்புக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். எண் இல்லை, பேர். வாசலில் மரச்சீனிப் புழுக்கு வாசனை. யாரோ சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"எலிசாளே."

திரும்பிப் பார்த்தேன்.